சீக்காவின் 57 பந்துகள்



எழுதி ரொம்ப நாளாகிவிட்டது. ஆண்டுக் கணக்கு முடிக்கிற மாதங்களில் பேங்க்காரன் எழுத்தாளனாக இருக்க முடியாது. இந்தப் பதிவும் கணக்குதான், ஆனால் கிரிக்கெட் கணக்கு. கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

சில வாரங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஒரு அநியாயம் நடந்தது. செய்தவன் நான்தான்.

சின்னவன் ஒன்பதாம் வகுப்பு. கணக்கில் 58 வாங்கி வந்தான். பெரியவள் பதினொன்று, காமர்ஸ் குரூப். அக்கவுண்டன்சியில் 88. நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். அவனுக்கு ஒரு மணி நேரம் அர்ச்சனை. அவளுக்கு மெரினா பார்க் பக்கம் கூட்டிப்போய் ஐஸ்கிரீம். (சென்னை மெரினா இல்லை, எங்கள் போர்ட் பிளேர் மெரினா. ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். வாய் இன்னும் பழைய பெயரைத்தான் சொல்கிறது, மன்னிக்கவும்.)

ஒரு வாரம் கழித்துப் பெற்றோர் கூட்டம். கணக்கு டீச்சர் சொன்னார்: "சார், இந்தத் தடவை பேப்பர் ரொம்பக் கஷ்டம். கிளாஸ் ஆவரேஜே 41தான். உங்க பையன் நல்லாப் பண்ணியிருக்கான்." அடுத்த அறையில் பெரியவளின் ஆசிரியர் சொன்னார்: "88 சுமார்தான் சார். கிளாஸ் ஆவரேஜ் 91. கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க."

வகுப்புச் சராசரியை 100 என்று வைத்தால் திட்டு வாங்கியவன் 141. ஐஸ்கிரீம் சாப்பிட்டவள் 97.

இருபது வருஷமாக அடுத்தவர் பேலன்ஸ் ஷீட்டைப் பார்த்துக் கடன் கொடுக்கிற வேலை எனக்கு. எந்த எண்ணையும் தனியாகப் பார்க்காதே, அதே தொழிலில் இருக்கிற மற்றவர்களோடு வைத்துப் பார் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறவன். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அந்தப் புத்தியையும் சேர்த்துக் கழற்றி மாட்டிவிட்டேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் இதைச் சொல்லி, சின்னவனிடம் தப்பை ஒத்துக்கொண்டேன். அப்பா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"58னா 58தாம்ல. மத்தவன் கம்மியா வாங்கினா இவன் மார்க்கு கூடிருமா? சீக்கா மாதிரி பேசாத."

இந்தப் பதிவுக்கு அந்தக் கடைசி வாக்கியம்தான் காரணம்.

அப்பாவின் நோட்டு

எங்களுக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம். அப்பா தபால் இலாகாவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா போனபிறகு வருஷத்தில் பாதி மாதம் எங்களோடு. விமானம் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சென்னையிலிருந்து கப்பலில் மூன்று நாள் பயணம் செய்து வருவார். வரும்போது ஒரு தகரப் பெட்டி. அதில் நாலு வேட்டி, ஒரு டிரான்சிஸ்டர், பதினோரு நோட்டுகள்.

அந்த நோட்டுகள் அவருடைய கிரிக்கெட் கணக்கு. ரேடியோ வர்ணனை கேட்டு, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, மேட்ச் மேட்சாக எழுதியது. ஆட்டக்காரர் பெயர், எப்படி அவுட், எத்தனை ரன். மூன்றே காலம். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

அப்பா கவாஸ்கர் கட்சி. 125 டெஸ்ட், 10,122 ரன், 34 சதம், சராசரி 51.12. காயத்ரி மாதிரி இதைச் சொல்வார். எங்கள் தமிழ்நாட்டுக்காரர், கிண்டி என்ஜினியரிங் கல்லூரியில் படித்த கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், அதாவது சீக்கா, அவருக்கு ஆகவே ஆகாது. எங்கள் வீட்டில் "சீக்கா" என்பது ஆளின் பெயர் இல்லை, வசவு. பாலைக் கொட்டினால் சீக்கா. ரோட்டைக் குறுக்கே ஓடிக் கடந்தால் சீக்கா. பரீட்சையில் கேள்வியைப் பாதி படித்துவிட்டுப் பதில் எழுதினால் பெரிய சீக்கா. காரணம் கேட்டால் நோட்டைத் திறப்பார். "1981ல் முதல் டெஸ்ட். பந்தைத் தட்டிட்டு கிரீஸை விட்டு நடந்து போறான், ரன் அவுட். எவனாவது செய்வானா?"

எனக்கு ஸ்ரீகாந்த்தைப் பார்த்த ஞாபகம் ஒன்றே ஒன்றுதான். 1992 மார்ச் 4, புதன்கிழமை. உலகக் கோப்பையில் முதன்முறையாக இந்தியாவும் பாகிஸ்தானும் சிட்னியில் மோதின. நம் ஊரில் காலையிலேயே டிவியில் வந்துவிட்டது. வயிற்றுவலி என்று பள்ளிக்கு மட்டம் போட்டேன். அப்பாவுக்கும் அன்று வயிற்றுவலி. ஸ்ரீகாந்த் தட்டுகிறார், தடவுகிறார், பந்து மட்டையில் படவில்லை. ஏறத்தாழ 40 பந்துகளில் 5 ரன். அவுட். இந்தியா ஜெயித்தது, டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 54. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்து, "பாத்தியா?" என்றார். பத்து வயசில் அப்பா சொன்னால் அதுதான் தீர்ப்பு. முப்பது வருஷம் அந்தத் தீர்ப்போடுதான் இருந்தேன்.

அமெரிக்க மச்சான் சொன்ன கணக்கு

சாப்பாட்டுச் சண்டைக்கு இரண்டு நாள் கழித்து நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சானிடம் போனில் இதைச் சொன்னேன். அவன் பேஸ்பால் பைத்தியம். "அத்தான், இதுக்குத்தான் இங்க ஆவரேஜை 100னு வச்சு ஒரு கணக்குப் போடுவாங்க" என்று ஆரம்பித்தான். அவன் சொன்ன உதாரணம் எனக்குப் பிடித்துவிட்டது, உங்களுக்கும் சொல்கிறேன்.

பேஸ்பாலில் ஒருவர் தனக்குக் கிடைத்த அடிக்கும் வாய்ப்புகளில் எத்தனை முறை சரியாக அடித்துத் தளம் சேர்ந்தார் என்பதுதான் பேட்டிங் சராசரி. ஆயிரம் வாய்ப்பில் 300 முறை என்றால் நல்ல ஆட்டக்காரர். 1968ல் பாஸ்டன் அணியின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கி ஆயிரத்துக்கு 301 எடுத்தார். அமெரிக்கன் லீகில் அந்த வருஷம் முதலிடம். முதலிடத்துக்கு 301 போதுமா என்று கேலி செய்யத் தோன்றும். ஆனால் அந்த வருஷம் அந்த லீகின் மொத்தச் சராசரியே 230தான். பந்து வீசுகிறவர்கள் ஆட்டத்தையே விழுங்கிய வருஷம் அது. அடுத்த வருஷம் அவர்கள் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்க வேண்டியதாயிற்று.

இப்போது 1930க்குப் போங்கள். நேஷனல் லீகில் அந்த வருஷம் எல்லா ஆட்டக்காரர்களும் சேர்ந்து எடுத்த சராசரி 303. அங்கே 301 எடுத்தவர் சராசரிக்கும் கீழே.

அதே 301. ஒரு வருஷத்தில் 131. இன்னொரு வருஷத்தில் 99. எண் மாறவில்லை, பக்கத்தில் இருந்தவர்கள் மாறினார்கள்.

போனை வைத்ததும் அப்பாவின் பெட்டியைத் திறந்தேன். நோட்டில் ரன் இருக்கிறது, பந்து இல்லை. பழைய ஸ்கோர் அட்டைகளை நெட்டில் தேடினேன். (2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபிறகுதான் இங்கே இதெல்லாம் சுலபம். அதற்கு முன் இருந்தவர்கள், ஒரு பக்கம் திறப்பதற்குள் சோறு வெந்துவிடும் என்பார்கள்.)

கணக்கு முறை எளிது. ஒரு மேட்சில் இரண்டு அணியும் சேர்ந்து எடுத்த ரன்னை, வீசப்பட்ட பந்துகளால் வகுக்கிறோம். 100 பந்துக்கு எத்தனை ரன் என்பது அந்த மேட்சின் சராசரி. எக்ஸ்ட்ராவும் அதில் அடக்கம். ஒரு ஆட்டக்காரரின் வேகத்தை அதனோடு ஒப்பிட்டு, சராசரியை 100 என்று வைக்கிறோம். 100க்கு மேல் போனால் அன்றைக்கு மற்றவர்களை விட வேகம். கீழே போனால் மந்தம். பி.காம். படித்தவனுக்கு இதற்கு மேல் வேண்டாம்.

கவாஸ்கரின் 36

முதலில் அப்பாவின் கட்சித் தலைவரிலிருந்து தொடங்குவோம், பாரபட்சம் என்று யாரும் சொல்லக்கூடாது.

1975 ஜூன் 7, லார்ட்ஸ். முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவரில் 4 விக்கெட்டுக்கு 334. பதிலுக்கு இந்தியா 60 ஓவரும் ஆடி 3 விக்கெட்டுக்கு 132. கவாஸ்கர் 174 பந்துகளைச் சந்தித்து ஆட்டமிழக்காமல் 36. மேட்ச் சராசரி 100 பந்துக்கு 64.7. கவாஸ்கர் 20.7. நம் கணக்கில் 32.

அப்பாவின் நோட்டில் இந்த மேட்ச் இருக்கிறது. "கவாஸ்கர், நாட் அவுட், 36." மூன்று காலத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஆட்டம்! அவுட்டே ஆகவில்லை. எதற்குக் காலம் போடவில்லையோ அது நோட்டைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. லெட்ஜரில் வட்டிக்குக் காலம் போடாமல் அசல் மட்டும் எழுதி வைத்த மாதிரி.

சீக்காவின் 38

1983 ஜூன் 25. அதே லார்ட்ஸ், உலகக் கோப்பை இறுதிப் போட்டி. ராபர்ட்ஸ், கார்னர், மார்ஷல், ஹோல்டிங் என்று நாலு பேர் வீசுகிறார்கள். இந்தியா 54.4 ஓவரில் 183க்கு ஆல் அவுட். வெஸ்ட் இண்டீஸ் 52 ஓவரில் 140க்கு ஆல் அவுட். எனக்கு அப்போது ஒரு வயசு. அப்பா டீக்கடையில் நின்று ரேடியோ கேட்டு எழுதியிருக்கிறார். "ஸ்ரீகாந்த், எல்.பி.டபிள்யூ. மார்ஷல், 38." பக்கத்தில் ஒரு சின்னக் குறிப்பு: "நின்றிருக்கலாம்."

38 என்பது இன்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஐ.பி.எல்.லில் யாரும் அதற்குக் கைகூடத் தட்டமாட்டார்கள். ஆனால் அன்று இரண்டு அணியிலும் சேர்த்து, இருபத்திரண்டு பேரில் அதிகபட்ச ஸ்கோர் அதுதான். மொத்தம் 640 பந்து, 323 ரன். 100 பந்துக்கு 50.5. ஸ்ரீகாந்த் 57 பந்தில் 38, அதாவது 66.7. நம் கணக்கில் 132. ராபர்ட்ஸின் பந்துக்கு ஒற்றை முழங்காலை மண்ணில் ஊன்றி அடித்த அந்த ஸ்கொயர் டிரைவ் போட்டோவைப் பார்த்திருப்பீர்கள். அந்த 38ல் வந்த ஷாட்தான் அது.

இன்னொரு வழியாகவும் பார்க்கலாம். 20 விக்கெட் விழுந்தது, 323 ரன் வந்தது. ஒரு விக்கெட்டுக்கு 16 ரன். ஸ்ரீகாந்த்தின் 38 அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வேகத்திலும் மேலே, நின்றதிலும் மேலே. "நின்றிருக்கலாம்" என்று எழுதியிருக்கிறாரே, அன்று மற்ற யாரும் அவ்வளவு ரன் சேரும்வரை நிற்கவில்லை அப்பா!

அதே மேட்சில் சந்தீப் பாட்டீல் 29 பந்தில் 27. கணக்கு 184. விவியன் ரிச்சர்ட்ஸ் 28 பந்தில் 33. கணக்கு 234. ரிச்சர்ட்ஸ் இன்னும் பத்து ஓவர் நின்றிருந்தால் நம் கதை வேறு என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை, எண்ணும் அதையே சொல்கிறது. ஆட்ட நாயகன் மொகிந்தர் அமர்நாத் 80 பந்தில் 26. கணக்கு 64. ஆனால் அவர் 12 ரன் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். பேட்டிங் கணக்கில் பவுலிங் தெரியாது. ஒரு காலத்தைச் சேர்த்தால் இன்னொரு காலம் விடுபட்டிருப்பது தெரிகிறது.

மெல்போர்ன், நாக்பூர்

1985 மார்ச் 10, மெல்போர்ன். உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டி, எதிரில் பாகிஸ்தான். அவர்கள் 50 ஓவரில் 9 விக்கெட்டுக்கு 176. நம் சிவராமகிருஷ்ணனுக்கு 3 விக்கெட். இந்தியா 47.1 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 177. மேட்ச் சராசரி 60.5. ஸ்ரீகாந்த் 77 பந்தில் 67, கணக்கு 144, ஆட்ட நாயகன். கூட ஆடிய ரவி சாஸ்திரி 148 பந்தில் ஆட்டமிழக்காமல் 63, கணக்கு 70.

அப்படியானால் சாஸ்திரி சொதப்பினாரா? இல்லை. இலக்கு 177தான். ஒருவர் ஓடுகிறார், ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்ரீகாந்த் அவ்வளவு வேகமாக ஆடியதால்தான் சாஸ்திரி அவ்வளவு நிதானமாக ஆட முடிந்தது. சாஸ்திரி ஒரு முனையில் நின்றதால்தான் ஸ்ரீகாந்த் மறுமுனையில் துணிய முடிந்தது. 144ம் 70ம் சேர்ந்துதான் கோப்பை. தொடர் முழுக்க நன்றாக ஆடிய சாஸ்திரிக்கு ஆடி கார் கொடுத்தார்கள், அதில் ஸ்ரீகாந்த்தும் ஏறி மைதானத்தைச் சுற்றினார்.

1987 அக்டோபர் 31, நாக்பூர். உலகக் கோப்பை, எதிரில் நியூசிலாந்து. ரன் விகிதத்தில் ஆஸ்திரேலியாவைத் தாண்டினால் அரையிறுதி பம்பாயில். தாண்டாவிட்டால் லாகூரில். நியூசிலாந்து 50 ஓவரில் 221. இந்தியா 32.1 ஓவரில் ஒரே விக்கெட்டை இழந்து 224. மேட்ச் சராசரி 90.3. ஸ்ரீகாந்த் 58 பந்தில் 75, கணக்கு 143. மறுமுனையில் யார்? சாட்சாத் கவாஸ்கர். 88 பந்தில் ஆட்டமிழக்காமல் 103, அவருடைய ஒரே ஒருநாள் சதம். கணக்கு 130. 1975ல் 32 எடுத்த அதே மனிதர். அந்தச் சதத்தை அப்பா நோட்டில் சிவப்பு மையில் கட்டம் கட்டியிருக்கிறார். பக்கத்தில் 75 சாதாரண நீல மையில்.

கடைசியாக என் வயிற்றுவலி மேட்ச். 1992 சிட்னி. இந்தியா 49 ஓவரில் 216, பாகிஸ்தான் 48.1 ஓவரில் 173. மேட்ச் சராசரி 66.7. ஸ்ரீகாந்த்தின் கணக்கு 19. கவாஸ்கரின் லார்ட்ஸை விடக் கீழே. நான் என் கண்ணால் பார்த்த ஒரே ஸ்ரீகாந்த் இந்த 19தான். ஒரு மனிதனின் கடைசிக் காலத்து ஒரு நாளைப் பார்த்துவிட்டு முப்பது வருஷம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேரோடு ஒரு வரிசை

நீங்கள் ஆடிட்டராக இருந்தால் இந்நேரம் கையைத் தூக்கியிருப்பீர்கள். "சார், நல்ல நாளாகப் பொறுக்கி எடுத்துக் காட்டுகிறீர்களே!" நியாயம். அதனால் முழு ஒருநாள் வாழ்க்கையையும் வைத்துப் பார்க்கலாம்.

ஸ்ரீகாந்த் 146 ஒருநாள் போட்டி, 4091 ரன், 4 சதம். சராசரி 29.0. 100 பந்துக்கு 71.7.

ஒப்பிட அதே வேலை செய்தவர்கள் வேண்டும். கிட்டத்தட்ட அதே காலத்தில் தொடக்க ஆட்டக்காரர்களாக ஆடிய ஐந்து பெரிய தலைகளை எடுத்தேன். முதல் எண் சராசரி, இரண்டாவது 100 பந்துக்கு ரன்.

கிரீனிட்ஜ்: 45.0, 64.9
ஹெய்ன்ஸ்: 41.4, 63.1
ஜெஃப் மார்ஷ்: 40.0, 55.9
கிரஹாம் கூச்: 37.0, 61.9
கவாஸ்கர்: 35.1, 62.3

ஐந்து பேரையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் சராசரி 39.7, வேகம் 61.6. இப்போது நம் ஆள். வேகத்தில் 116. சராசரியில் 73.

இந்த இரண்டு எண்ணும்தான் ஸ்ரீகாந்த்தின் ஒருநாள் வாழ்க்கை. கிரீனிட்ஜ், ஹெய்ன்ஸ் உள்பட அத்தனை பேரையும் விட வேகம். அத்தனை பேரையும் விடச் சீக்கிரம் அவுட். 16 வரவு, 27 செலவு. இதை மறைத்து எழுதினால் நானும் ஒரு காலத்தை அழித்தவனாகிவிடுவேன். தவிர, நான் எடுத்தது உலகின் தலைசிறந்த ஐந்து பேர். அவர்களோடு வைத்துப் பார்த்து 73 என்பது அவ்வளவு கேவலமும் இல்லை. கிளாஸில் முதல் ஐந்து ரேங்க் பிள்ளைகளோடு மட்டும் ஒப்பிட்ட மாதிரி.

டெஸ்டில் நிலைமை வேறு. 43 டெஸ்ட், 2062 ரன், 2 சதம், சராசரி 29.88. ஐந்து நாள் ஆட்டத்தில் பந்துக்குப் பஞ்சம் இல்லை. அவுட் ஆகாமல் நிற்பதற்குத்தான் விலை. அங்கே அப்பாவின் மூன்று காலமே சரியான காலம். அங்கே ஸ்ரீகாந்த்துக்காக வாதாட என்னிடம் சரக்கு இல்லை. அப்பா டெஸ்ட் நோட்டில் ஒருநாள் ஆட்டத்தை எழுதினார், அதுதான் சிக்கல். ஒருநாள் ஆட்டத்தில் பந்துகள் எண்ணி வைக்கப்பட்டவை. ரன் மாதிரியே பந்தும் பணம். 174 பந்தைச் செலவு செய்து 36 வாங்குவதும், 57 பந்தில் 38 வாங்குவதும் ஒரே வியாபாரம் இல்லை.

இதை உலகம் சீக்கிரமே புரிந்துகொண்டது. 1992 உலகக் கோப்பையில் முதல் 15 ஓவருக்கு வட்டத்துக்கு வெளியே இரண்டே ஃபீல்டர் என்ற விதி வந்தது. 1996ல் இலங்கையின் ஜெயசூரியாவும் கலுவிதாரணாவும் அந்த 15 ஓவரில் வாணவேடிக்கை காட்டினார்கள், இலங்கை கோப்பையை வென்றது, ஜெயசூரியா தொடர் நாயகன். அவர் ஓய்வு பெற்றபோது ஒருநாள் சராசரி என்ன தெரியுமா? 32.36. ஸ்ரீகாந்த்தை விட மூன்று ரன்தான் கூட. வேகம் 91.2. அவரை யாரும் பொறுப்பில்லாதவர் என்று சொல்லவில்லை, ஆட்டத்தையே மாற்றியவர் என்றார்கள். அதற்குள் ஸ்கோர் அட்டையில் அந்த நாலாவது காலம் எல்லாருடைய கண்ணிலும் பட ஆரம்பித்திருந்தது. விதி வருவதற்குப் பத்து வருஷம் முன்பே, ஃபீல்டர்கள் எல்லைக்கோட்டில் நிற்கும்போதே, அந்த வேலையைச் செய்ய நினைத்தவருக்கு எங்கள் வீட்டில் கிடைத்தது பாலைக் கொட்டியவன் பட்டம்.

இங்கே அந்தமானில் உட்கார்ந்து இதை எழுதுவதில் எனக்கு ஒரு சொந்த வயிற்றெரிச்சலும் உண்டு. இந்தத் தீவுகளுக்கென்று ஒரு ரஞ்சி அணி கிடையாது. நேதாஜி ஸ்டேடியம் பக்கம் சாயங்காலம் போனால் பையன்கள் டென்னிஸ் பந்தில் ஆடுவதைப் பார்க்கலாம், ஐந்தரைக்குள் இருட்டிவிடும். அதில் ஒருவன் நன்றாகவே அடிக்கிறான் என்றாலும் யாரோடு வைத்து அவனை அளப்பது? ஒப்பிட ஒரு வரிசை இல்லாதவன் 100க்கு மேலா கீழா என்று யாருக்குமே தெரியாமல் போய்விடுகிறது. அலுவலகத்திலும் அப்படித்தான். கப்பல் வராவிட்டால் கடைத்தெருவே காய்ந்துபோகிற ஊரின் கிளையை, பெருநகரக் கிளையோடு ஒரே பட்டியலில் போட்டுச் சிவப்பு மையில் வட்டம் போடுவார்கள். சிவப்பு வட்டத்துக்குள் உட்கார்ந்தவனுக்குத்தான் சின்னவனின் வலி தெரியும். எனக்குத் தெரிந்தும் நான் அவனுக்கு அதையேதான் செய்தேன்.

57

ஞாயிற்றுக்கிழமை காலை இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கமிஷன் வாங்கும் ஏஜென்ட்டின் பாரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நேராக ஐந்து பேர் பட்டியலுக்குப் போனார்.

"73ன்னு நீயே எழுதியிருக்க. அப்ப நான் சொன்னது சரிதானல?"

"சரிதான்பா. 116ம் எழுதியிருக்கேன்."

பதில் இல்லை. தாளை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டார். சின்னவனைக் கூப்பிட்டு, "கிளாஸ்ல 58க்கு மேல எத்தனை பேருடே?" என்று கேட்டார். "நாலு பேர் தாத்தா." "மொத்தம்?" "முப்பத்தாறு." "ம்" என்றார். பாராட்டு அவ்வளவுதான். தபால் இலாகாவில் அதற்கு மேல் பாராட்டும் வழக்கம் இல்லை போலிருக்கிறது.

சாயங்காலம் நான் மார்க்கெட் போய்விட்டு வந்தபோது வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மடியில் 1983 நோட்டு. கையில் பேரனின் ஸ்கேல், பென்சில். ரன் காலத்துக்கு வலப்பக்கம், நாற்பது வருஷத்துக்கு மேல் பழசான தாளின் ஓரத்தில், புதிதாக ஒரு கோடு இழுத்திருந்தார். ஸ்ரீகாந்த் வரிசையில் 57 என்று எழுதியிருந்தது. கை கொஞ்சம் நடுங்கியிருக்கிறது, 7 வளைந்திருந்தது. "நின்றிருக்கலாம்" என்ற குறிப்பை அழிக்கவில்லை. அது அப்படியேதான் இருக்கிறது.

என்னைப் பார்த்ததும், "கவாஸ்கர் அன்னைக்கு எத்தனை பந்து ஆடினார்?" என்றார்.

"12 பந்து அப்பா. 2 ரன்."

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பென்சிலை நாக்கில் தொட்டு, மெதுவாக 12 என்று எழுதினார்.